அலைன்மென்ட் தாளில் எல்லாம் பச்சை, பின்பக்கம் மட்டும் ஏன் ஆடுகிறது?

கேள்வி: என் ஸ்போர்ட்ஸ் காருக்கு 18 வயது. பின்சக்கர இயக்கம், பின்னால் மல்டி லிங்க் சஸ்பென்ஷன், ஓடியது 1,10,000 கி.மீ. 80 கி.மீ. வேகத்தைத் தாண்டித் தடம் மாறினால் முன்பக்கம் உடனே திரும்புகிறது, பின்பக்கம் ஒரு கணம் தாமதித்து வந்து சேர்கிறது. வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வால் வெளியே நழுவுவதுபோல் வயிற்றைக் கலக்குகிறது. சின்னப் பள்ளத்தில் இறங்கினால் பின்னாலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். நான்கு ஷாக் அப்சார்பரையும் மாற்றிவிட்டேன். ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை வீல் அலைன்மென்ட் செய்தேன், தாளில் எல்லாம் பச்சை. பின்னால் தடிமனான ஸ்டெபிலைசர் பார் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். நான் ஓட்டுவதில்தான் கோளாறு என்றும் ஒருவர் சொன்னார். பார் போடலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

அந்த ஸ்டெபிலைசர் பாரை, அதாவது இடது வலது சக்கரங்களை இணைத்து வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியை, இப்போதைக்கு வாங்காதீர்கள். பணம் வீணாவது ஒரு பக்கம், உங்கள் பாதுகாப்பும் இதில் இருக்கிறது. பின்பக்கப் பாரை மட்டும் தடிமனாக்கினால், வளைவில் கார் சாய்வதைத் தாங்கும் வேலையில் பெரிய பங்கு பின்சக்கரங்களின் தலையில் விழும். வெளிப்பக்கப் பின்டயர் மேல் கூடுதல் எடை ஏறும், உள்பக்கப் பின்டயர் லேசாகும். இரண்டும் சேர்ந்து தரும் பிடி முன்பு இருந்ததைவிடக் குறையும். வால் நழுவுகிறதே என்று பயப்படும் காரை, இன்னும் சுலபமாக வால் நழுவும் காராக மாற்றிவிடுவீர்கள். சாய்வு குறைந்ததால் முதல் நாள் கார் இறுகிவிட்டதுபோல் தோன்றும். அதை நம்பி வேகத்தைக் கூட்டிவிடுவீர்களோ என்பதுதான் என் கவலை.

ஓட்டுவதில் கோளாறு என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று அறிகுறிகளில் முதல் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன, ஒரே இடத்தைக் காட்டுகின்றன. சத்தத்துக்குப் பிறகு வருகிறேன். உங்கள் காரின் பின்சக்கரம் ஏதோ ஒன்று, சுமை ஏறும்போது தானாகத் திரும்புகிறது. ஸ்டீயரிங்கோடு இணைப்பே இல்லாத சக்கரம் எப்படித் திரும்பும் என்று கேட்கலாம். அது சரியான கேள்வி.

மல்டி லிங்க் அமைப்பில் ஒவ்வொரு பின்சக்கரத்தையும் பல ஆர்ம்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு ஆர்மின் முனையிலும் ஒரு ரப்பர் புஷ்ஷோ (உலோகக் குழாயைச் சுற்றி ரப்பர் வைத்த மூட்டு) பால் ஜாயின்ட்டோ (உருண்டை மூட்டு) இருக்கும். இவற்றில் ஒன்று டோ லிங்க். மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்நோக்கியா வெளிநோக்கியா திரும்பியிருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது அதுதான். அந்த லிங்க் சக்கரத்தின் திருப்பு அச்சிலிருந்து 150 மி.மீ. தள்ளிப் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் புஷ்ஷில் வெறும் 1 மி.மீ. ஆட்டம் விழுந்தால் சக்கரம் கிட்டத்தட்ட 0.4 டிகிரி திரும்பிவிடும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 100 கி.மீ. வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் ஓடுகிறது. பின்சக்கரம் இரண்டும் ஒரே பக்கம் 0.4 டிகிரி திரும்பினால், காரின் வால் விநாடிக்கு 19 செ.மீ. அளவில் பக்கவாட்டில் நகரப் பார்க்கும். ஒரு சக்கரம் மட்டும் திரும்பினால் இதைவிடக் குறைவு, ஆனாலும் உங்கள் வயிற்றைக் கலக்கியது இந்த வகை அசைவுதான். மனித உடம்பு இந்த அசைவை மிக நுட்பமாக உணரும்.

தடம் மாறும்போது வரும் தாமதமும் இதே கதைதான். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் பின்டயரில் பக்கவிசை ஏறத் தொடங்குகிறது. நல்ல புஷ் என்றால் அந்த விசையை உடனே காருக்குக் கடத்தும். தேய்ந்த புஷ்ஷில் முதலில் அந்த ஆட்டம் தீர வேண்டும், அது தீரும்வரை சக்கரம் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். பின்பக்கம் ஒரு கணம் கழித்து வந்து சேர்வதாக நீங்கள் எழுதியதைவிடத் துல்லியமாக நானும் அதைச் சொல்லிவிட முடியாது.

காலை எடுக்கும்போது இது ஏன் மோசமாகிறது? எஞ்சின் பிரேக்கிங் பின்சக்கரங்களைப் பின்னோக்கி இழுக்கிறது. பெரும்பாலான அமைப்புகளில், தளர்ந்த புஷ் இந்த இழுப்புக்கு இடம் கொடுத்தால் சக்கரத்தின் முன்விளிம்பு வெளியே போகும். அதே கணத்தில் எடை முன்பக்கம் சாய்ந்து பின்டயர்களின் பிடியும் குறைகிறது. இரண்டும் ஒன்றாக வருவதால்தான் இவ்வளவு பயமுறுத்துகிறது. இந்தச் சிக்கலை வடிவமைப்பாளர்கள் எப்போதோ புரிந்துகொண்டார்கள். 1977-ல் அறிமுகமான போர்ஷே 928-ன் பின்பக்கத்தில் வைசாக் ஆக்சில் என்ற அமைப்பு வந்தது. வளைவில் காலை எடுத்தால் சக்கரம் வெளியே திரும்புவதற்குப் பதிலாக உள்நோக்கித் திரும்பும்படி அதன் இணைப்புகளை அமைத்திருந்தார்கள். 1985-ல் வந்த இரண்டாம் தலைமுறை மாஸ்டா ஆர்எக்ஸ்-7-ல் பின்சக்கர ஹப்பில் இருக்கும் புஷ்ஷின் நெகிழ்வையே கணக்குப் போட்டு, பக்கவிசைக்கு ஏற்ப சக்கரம் கொஞ்சம் திரும்பும்படி செய்தார்கள். அதனால் ரப்பர் புஷ்ஷை சத்தத்தையும் அதிர்வையும் குறைக்க வைத்த மெத்தை என்று மட்டும் நினைக்காதீர்கள். அது எவ்வளவு நெகிழ வேண்டும், எந்தத் திசையில் நெகிழ வேண்டும் என்பது காரின் ஸ்டீயரிங் கணக்கில் சேர்ந்தது. 18 வருடத்தில் ரப்பர் கெட்டித்து வெடித்தால் அந்தக் கணக்கு கலைந்துவிடுகிறது.

இப்போது அந்தப் பச்சைத் தாளுக்கு வருகிறேன். அலைன்மென்ட் எந்திரம் பொய் சொல்லவில்லை. கார் அசையாமல் நிற்கும்போது சக்கரம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கேட்டீர்கள், அது சரியாகப் பதில் சொன்னது. பக்கவிசை இல்லை, எஞ்சின் இழுப்பு இல்லை, பிரேக் இல்லை. அந்த நிலையில் தேய்ந்த புஷ்கூட நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும்.

ஆனாலும் அந்தத் தாள்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உங்களிடம் இரண்டு இருப்பது பெரிய அதிர்ஷ்டம். எந்தக் கருவியும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தே ஒரு சோதனை செய்யலாம். முதல் தாளில் ‘சரிசெய்த பின்’ என்ற பகுதியில் பின்சக்கர டோ (உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பிய அளவு), கேம்பர் (மேற்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்த அளவு) எண்களைப் பாருங்கள். அடுத்து, ஆறு மாதம் கழித்து எடுத்த இரண்டாம் தாளில் ‘சரிசெய்யும் முன்’ என்ற பகுதியில் அதே எண்களைப் பாருங்கள். இடையில் நடைபாதை விளிம்பிலோ பெரிய பள்ளத்திலோ நீங்கள் இடிக்கவில்லை என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நான்கில் ஏதாவது ஒரு எண் மட்டும் தெளிவாக விலகியிருந்தால், அந்தப் பக்கத்தில் ஏதோ நகர்ந்திருக்கிறது. ஷாக் அப்சார்பர் மாற்றியது இந்த இரண்டு தாளுக்கும் நடுவிலா என்பதையும் பாருங்கள். அந்த வேலையில் ஆர்ம்களைக் கழற்றியிருந்தால் இந்த ஒப்பீடு செல்லாது. இன்னொன்று, பச்சை என்றால் அனுமதித்த வரம்புக்குள் இருக்கிறது என்றுதான் பொருள். அந்த வரம்பு அகலமானது. இடது சக்கரம் வரம்பின் ஒரு ஓரத்திலும் வலது சக்கரம் மறு ஓரத்திலும் இருந்தாலும் இரண்டும் பச்சையாகத்தான் தெரியும். பின்சக்கர இயக்க ஸ்போர்ட்ஸ் காருக்குப் பின்னால் பொதுவாகக் கொஞ்சம் டோ-இன், அதாவது முன்விளிம்பு உள்நோக்கிய கோணம், வைப்பார்கள். உங்கள் எண்களில் ஒரு பக்கம் பூஜ்யத்தைத் தாண்டி டோ-அவுட் பக்கம் போயிருந்தால் அதுவே கார் நிலைகொள்ளாமல் அலைய ஒரு காரணம்.

புஷ்ஷுக்குப் போகும் முன் டயர்களைப் பார்த்தே ஆக வேண்டும். டயர் கோளாறை சஸ்பென்ஷன் கோளாறு என்று எண்ணி ஆர்ம்களை எல்லாம் மாற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சைட்வாலில் தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2318 என்றிருந்தால் 2018-ன் 23-வது வாரம். அழகாகத் தெரியும் பழைய டயரின் ரப்பர் கல்லாகியிருக்கும். நான்கும் ஒரே பிராண்டா, ஒரே வகையா? குளிர்ந்த நிலையில் காற்று, காரில் ஒட்டியிருக்கும் அட்டையில் சொன்ன அளவில் இருக்கிறதா? பின்டயரின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் புதிது மாதிரி இருக்கும் அகல டயரில் உள்விளிம்பு மட்டும் வழுக்கையாக இருப்பது சாதாரணம். உள்ளங்கையைக் குறுக்காக, முதலில் உள்ளிருந்து வெளியே, அடுத்து வெளியிலிருந்து உள்ளே நகர்த்துங்கள். ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த் திசையில் ரம்பப் பல் மாதிரி சொரசொரப்பு என்றால், அந்தச் சக்கரம் ஓடும் திசைக்குக் கோணலாக இழுபட்டுக்கொண்டே வந்திருக்கிறது. நிற்கும்போது தாளில் பதியாதது ஓடும்போது டயரில் பதிந்திருக்கும். இடது, வலது இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் சொரசொரப்பு என்றால் தேட வேண்டிய பக்கம் கிடைத்துவிட்டது.

எந்தப் பக்கம் என்பதை ஓட்டும்போதும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். இடதுபுற வளைவில் வலது பின்சக்கரம்தான் சுமையைத் தாங்கும். ஆகவே இடது வளைவில் மட்டும் வால் நழுவினால் வலது பின்பக்கத்தைச் சந்தேகியுங்கள், வலது வளைவு என்றால் இடது பின்பக்கத்தை. ஆனால் இதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று வளைவில் வேகமாகப் போய்க் காலை எடுத்துப் பார்க்காதீர்கள். இதுவரை தானாக உணர்ந்ததை நினைவுபடுத்தினாலே போதும். இதைவிட நல்ல சோதனை நேர்ச்சாலையில் இருக்கிறது. ஆளில்லாத, சமமான சாலையில் 50, 60 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்துங்கள், விடுங்கள், மறுபடி அழுத்துங்கள். அழுத்தும்போது ஒரு பக்கமும் விடும்போது எதிர்ப்பக்கமும் கார் லேசாகப் பார்த்து, ஒவ்வொரு முறையும் ஸ்டீயரிங்கில் திருத்த வேண்டியிருந்தால், ஒரு பக்கத்துப் பின்சக்கரம் முன்னும் பின்னும் நகர்கிறது. சக்கரத்தை முன்பின்னாக நகராமல் பிடித்திருக்கும் டிரெய்லிங் ஆர்மின் முன்முனை புஷ்தான் அங்கே முதல் குற்றவாளி.

இனி காரைத் தூக்கிப் பார்க்கும் வேலை. இதை நீங்களே செய்வதானால் கெட்டியான சமதரை, முன்சக்கரங்களுக்கு முட்டு, இரண்டு நல்ல ஜாக்கி ஸ்டாண்ட் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு கையைக்கூட காருக்கு அடியில் நீட்டாதீர்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? பெரும்பாலும் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிகிறதா? டோ லிங்க்கைப் பாருங்கள். ஒருவர் ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரல் வைத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத ‘டிக்’ விரலுக்குத் தெரியும்.

ஆனால் கையால் ஆட்டி ஒன்றும் தெரியவில்லை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். உங்களுடையதைப் போலவே அறிகுறி உள்ள ஒரு கார் வந்தது. லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கிய நிலையில் இழுத்துப் பார்த்தேன், அசையவே இல்லை. சஸ்பென்ஷன் ஆர்ம்களைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேம் பக்கம் போய் இரண்டு நாள் தேடினேன். கடைசியில் காரை அதன் சக்கரங்கள் மேலேயே நிற்கும்படி ரேம்பில் ஏற்றி, ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவே லிவர் கம்பியைக் கொடுத்து லேசாக நெம்பினேன். டோ லிங்க்கின் உள்முனை புஷ்ஷில், நடுவில் இருக்கும் உலோகக் குழாய் ரப்பரிலிருந்து முழுதாக விடுபட்டு இங்கும் அங்கும் ஓடியது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங்கும் முறுக்கிய புஷ்களும் ஆர்மை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்ததால் அந்த ஆட்டம் மறைந்திருக்கிறது. அந்தக் காரின் உரிமையாளரிடமும் ‘நீங்கள் ஓட்டும் விதம்தான்’ என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் அந்தக் காரை எடுப்பதையே நிறுத்தியிருந்தார். அதனால்தான் உங்கள் கடிதத்தில் அதே பேச்சைப் படித்தபோது என்னை உறுத்தியது.

ஆகவே சஸ்பென்ஷன் சுமையோடு இருக்கும்போது, லிவர் கம்பி வைத்து ஒவ்வொரு புஷ்ஷையும் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் கொஞ்சம் நெகிழ்ந்து மெதுவாகத் திரும்பி வந்தால் அது நல்ல ரப்பர். தடையே இல்லாமல் நகர்ந்து உலோகத்தில் முட்டினால், ரப்பர் சுற்றிலும் கிழிந்திருந்தால், திரவம் நிரப்பிய வகைப் புஷ் கறுப்பாகக் கசிந்திருந்தால் அதை மாற்ற வேண்டும். வாகனத் தகுதிச் சோதனை மையங்கள் சிலவற்றில் சக்கரத்தை அதன் சுமையோடு இடமும் வலமும் அசைக்கும் ஹைட்ராலிக் தட்டு இருக்கும். அது கிடைத்தால் அரை மணி நேரத்தில் கதை முடிந்துவிடும்.

ஆர்ம்களின் பிடிப்பை நகர்த்திச் சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் எக்சென்ட்ரிக் (மையம் விலகிய) போல்ட்களையும் பார்க்க வேண்டும். சரியாக இறுக்காவிட்டால் இவை சுமையில் மெல்ல நழுவும். போல்ட் தலைக்கும் சட்டத்துக்கும் குறுக்காகப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். 200 கி.மீ. ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் போல்ட் நகர்ந்துவிட்டது.

‘டொக்’ சத்தம் தனி ஆளாகவும் இருக்கலாம். அது ஷாக் அப்சார்பர் மாற்றுவதற்கு முன்பே இருந்ததா, பின்பு வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. பின்பு வந்தது என்றால் மேல் மவுன்ட்டின் நட்டையும் கீழ்ப் போல்ட்டையும் முதலில் பாருங்கள். முன்பே இருந்தது என்றால் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க்குகள். அவற்றைக் கழற்றிவிட்டு, மெதுவான வேகத்தில் ஒரு சின்னச் சுற்றுப் போனால் சத்தம் போகிறதா என்று தெரிந்துவிடும். ஆக்சிலரேட்டரை அழுத்தி விடும்போதும் ‘டொக்’ வந்தால் டிஃபரன்ஷியல் (எஞ்சின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) மவுன்ட் அல்லது சப்ஃபிரேம் மவுன்ட்.

சப்ஃபிரேம் மவுன்ட் என்று வந்ததும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பின் சப்ஃபிரேம் பாடியில் பிடித்திருக்கும் இடங்களைச் சுற்றி விளக்கடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் மயிரிழைக் கீறல், துருக்கோடு, உப்பிய சீலன்ட் இருந்தால் அடியில் தகடு வெடித்திருக்கலாம். பிஎம்டபிள்யூவின் இ46 வகை 3 சீரிஸ் கார்களில் இந்தத் தகடு வெடிப்பது பரவலாகத் தெரிந்த விஷயம், மற்ற கார்களுக்கும் இது வராது என்றில்லை. வெடித்திருந்தால் எந்தப் புதுப் புஷ்ஷும் உதவாது, வெல்டிங்கும் வலுவூட்டும் தகடும்தான் வழி. தடிமனான பார் வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அது தன் பிராக்கெட் வழியாகச் சட்டத்தின் மேல் இன்னும் அதிக விசையை ஏற்றும்.

நான் கையில் பார்க்காத கார் இது. ஆனாலும் நீங்கள் எழுதியதை வைத்து என் சந்தேகத்தைச் சொல்கிறேன். முதலில் டோ லிங்க்கின் உள்முனை புஷ் அல்லது டிரெய்லிங் ஆர்ம் புஷ், அடுத்து சப்ஃபிரேம் மவுன்ட். சத்தம் ஸ்டெபிலைசர் லிங்க்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஷாக் அப்சார்பர் மாற்றியதை வீண் என்று நினைக்க வேண்டாம், 18 வருடத்தில் அது வர வேண்டிய செலவுதான். ஆனால் ஷாக் அப்சார்பர் போனால் கார் பள்ளத்துக்குப் பின் குதித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

புஷ் மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் புது ரப்பர், மறுபக்கம் 18 வருட ரப்பர் என்றால் காலை எடுக்கும்போது இரண்டு சக்கரமும் வேறு வேறு அளவில் திரும்பும். ரப்பரைவிடக் கெட்டியான பிளாஸ்டிக் வகைப் பாலியூரித்தேன் புஷ் போடச் சொல்வார்கள். ஒரே அச்சில் சுழலும் இடங்களுக்கு அது பரவாயில்லை. டிரெய்லிங் ஆர்ம் மாதிரி பல திசையில் முறுக வேண்டிய இடத்தில் அது இறுகிப் பிடித்துக்கொண்டு, அந்த விசையை பிராக்கெட்டுக்கும் தகட்டுக்கும் தள்ளும். சாலையில் ஓட்டும் காருக்குத் தயாரிப்பாளரின் ரப்பரே என் தேர்வு.

எல்லாவற்றையும்விட இதில் கண்டிப்பாக இருங்கள்: புஷ்ஷின் நடுப்போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது கார் அதன் சாதாரண உயரத்தில் நிற்கும்போதுதான். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே இருக்கும், புதுப் புஷ் சீக்கிரமே கிழியும். சில கார்களில் பிராக்கெட்டுக்கு ஒரு குறிப்பிட்ட கோணமே கையேட்டில் கொடுத்திருப்பார்கள். இறுக்குவது டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), கையேட்டில் சொன்ன அளவில். ஒருமுறைதான் பயன்படுத்தலாம் என்று சொன்ன போல்ட்களுக்குப் புதியவை போடுங்கள். உங்கள் ஷாக் அப்சார்பரின் கீழ்ப் போல்ட்டைக்கூட எந்த நிலையில் இறுக்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இதெல்லாம் முடிந்தபின்தான் அலைன்மென்ட். வரம்புக்குள் என்று விடாமல், பின்பக்கம் இடமும் வலமும் ஒரே எண்ணில் வரும்படி கேளுங்கள்.

சோதனையில் பால் ஜாயின்ட்டிலோ பேரிங்கிலோ உலோக ஆட்டம் தெரிந்தாலும், நட்டு தளர்ந்திருந்தாலும், தகட்டில் வெடிப்பு தெரிந்தாலும் அங்கிருந்து காரை ஓட்டிப் போகாதீர்கள், ஏற்றிப் போகச் சொல்லுங்கள். ஒன்றும் பார்க்காத இந்த இடைக்காலத்தில் ஓட்டியே ஆக வேண்டும் என்றால் மெதுவாக ஓட்டுங்கள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் காலைச் சட்டென்று எடுக்காதீர்கள். ஈரச் சாலையில் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

அந்த இரண்டு அலைன்மென்ட் தாள்களின் பின்சக்கர எண்கள், உள்ளங்கையில் எந்தப் பக்கம் சொரசொரப்பு தெரிந்தது, சத்தம் எப்போது தொடங்கியது, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். எந்த மூட்டில் முதலில் லிவர் கம்பியை வைக்க வேண்டும் என்று அப்போது என்னால் இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.